வேலையிடப் பயிற்சிக்கு இணைய வகுப்பு: எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்?

கைத்தொலைபேசியிலேயே படித்து வேலையில் உயரலாம் என்ற விளம்பரம் ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் நாள்தோறும் வந்து விழுகிறது. ஒன்று இலவசம் என்கிறது, மற்றொன்று 40 ரிங்கிட், இன்னொன்று 3,000 ரிங்கிட். மூன்றுமே கடைசியில் ஒரு சான்றிதழ் தருவதாகத்தான் சொல்கின்றன. ஷா ஆலாமிலோ பிறையிலோ பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டு வீடு திரும்புபவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரம் படிக்கக் கிடைத்தாலே பெரிது. அந்த நேரமும் பணமும் தவறான இடத்தில் போனால் இழப்பு அவருக்குத்தான்.

ஆகவே தளங்களை ஒப்பிடும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் எதற்கு? வேலையை நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒரு தேவை. முதலாளியிடமோ நேர்முகத் தேர்விலோ காட்ட வேண்டும் என்பது வேறொரு தேவை. சட்டம் கேட்கிறது என்பது முற்றிலும் தனி. இம்மூன்றையும் போட்டுக் குழப்பிக் கொள்வதால்தான் பலர் ஏமாறுகின்றனர்.

சட்டம் கேட்கும் பயிற்சிகள்

முதலில் சட்ட விவகாரத்தைப் பார்த்துவிடலாம். கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவருக்கு சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் கிரீன் கார்டு வேண்டும். அதற்கு அந்த வாரியம் ஏற்ற பாதுகாப்பு அறிமுகப் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டுக் கடையிலோ கேண்டீனிலோ உணவைக் கையாள்பவருக்கு 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியின் பயிற்சியும், டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் உணவுப் பாதுகாப்புப் பாடத்தை நூறு மதிப்பெண்ணோடு முடித்திருந்தாலும், சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரியிடம் அது செல்லாது.

தொழிலிடப் பாதுகாப்பிலும் அதே கதைதான். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். சிறிய பட்டறை, லாரி நிறுவனம், அச்சகம் எல்லாம் இதற்குள் வந்துவிடும். இந்தப் பொறுப்புக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. பொதுவான இணையப் பாதுகாப்பு வகுப்பு அதற்கு ஈடாகாது. விளம்பரத்தில் இருப்பது சரியான பயிற்சிதானா என்று ஜே.கே.கே.பி. எனும் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவதே நல்லது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது

சட்டம் கேட்காத திறன்களுக்கு, அதாவது கணினி, கணக்கு, விற்பனை, மேற்பார்வை, ஆங்கிலம் போன்றவற்றுக்கு, மலேசியர்கள் முதலில் பார்க்க வேண்டிய தளம் இ-லாத்தே. எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகம் இதை 2021இல் தொடங்கியது. மலேசியர் எவரும் இலவசமாகப் பதிந்து படிக்கலாம். முதலாளி அந்தக் கழகத்தில் பதிவு பெற்றவரா இல்லையா என்பது இதற்குப் பொருட்டல்ல. வேலை இல்லாதவரும் சேரலாம். பாடங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்.பி.எம். வரை மலாயில் தொடர்ந்தவர்களுக்கு ஆங்கிலத் தளங்களைவிட இது எளிது. குறை என்னவென்றால் பாடங்களின் தரம் ஒரே சீராக இல்லை. சில நன்றாக இருக்கும், சில வெறும் ஸ்லைடுகளை வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடும். காசு போகாது என்பதால் முதல் இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டு விலகிக் கொள்ளலாம்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் திறந்த இணையப் பாடங்களும் இருக்கின்றன. 2014இல் நான்கு பாடங்களோடு ஓப்பன்லேர்னிங் என்ற ஆஸ்திரேலியத் தளத்தில் அவை தொடங்கப்பட்டன. இவை பெரும்பாலும் மாணவர்களுக்கானவை. வேலையிடத்துக்கு நேரடியாக உதவுபவை குறைவு.

கடல் கடந்த தளங்கள்

கோர்சேரா, எட்எக்ஸ் இரண்டும் 2012இல் பிறந்தவை. முன்னதை ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள் ஆண்ட்ரூ எங், டாஃப்னி கொல்லர் இருவரும், பின்னதை எம்.ஐ.டி., ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களும் தொடங்கின. இவற்றின் பலம் பாடம் நடத்துபவரின் பெயர்தான். சான்றிதழில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரோ, கூகுள், ஐ.பி.எம். போன்ற நிறுவனத்தின் பெயரோ இருக்கும். கோர்சேராவில் உள்ள கூகுளின் தொழில் சான்றிதழ்களுக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. கணினி உதவிப் பணி, தரவுப் பகுப்பாய்வு, திட்ட மேலாண்மை போன்றவை அதில் உண்டு. வாரத்துக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் ஒதுக்கினால் மூன்று முதல் ஆறு மாதங்களில் முடியும் என்பது அவர்களின் கணக்கு. வாரம் நான்கு மணி நேரம்தான் முடியும் என்பவருக்கு ஓராண்டுக்கு மேலும் இழுக்கலாம்.

இங்கேதான் பணம் கரைகிறது. இந்தச் சான்றிதழ்களுக்கு மாதச் சந்தா, அதுவும் அமெரிக்க டாலரில். நான்கு மாதத்தில் முடிப்பவர் கட்டுவதைப் போல மூன்று மடங்கை, ஆண்டு முழுக்க இழுப்பவர் கட்டுகிறார். ஏழு நாள் இலவசம் என்று கடன் அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்து போனால் எட்டாம் நாள் தானாகப் பணம் எடுக்கப்படும். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டண உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பாடத்தின் பக்கத்திலேயே அதற்கான விண்ணப்பம் இருக்கிறது. தன் நிலையையும் இந்தப் பாடம் ஏன் தேவை என்பதையும் எழுதி அனுப்பினால் இரண்டு வாரங்கள் போல் கழித்துப் பதில் வரும். பி40 குடும்பத்துப் பிள்ளைகள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

யூடெமி வேறு ரகம். 2010இல் தொடங்கிய இந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம். அதுவே அதன் நன்மை, அதுவே ஆபத்தும். எக்செல், ஆட்டோகேட், பி.எல்.சி. புரோகிராமிங், மின் இணைப்பு வரைபடம் போன்ற கைவேலை சார்ந்த பாடங்கள் இங்கே கிடைப்பதுபோல் பல்கலைக்கழகத் தளங்களில் கிடைப்பதில்லை. ஒருமுறை வாங்கினால் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால், பெரும்பாலான பாடங்களுக்கு 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முழு விலையில் எவரும் வாங்கத் தேவையில்லை. 'இன்று மட்டும்' என்று வரும் கழிவு அடுத்த வாரமும் வரும். அதன் சான்றிதழோ பாடத்தை முடித்ததற்கான அடையாளம் மட்டுமே, அதற்குப் பின்னால் எந்தக் கல்வி அமைப்பும் இல்லை. வேலையில் உள்ள சிக்கலை நாளைக்கே தீர்க்க வேண்டும் என்றால் யூடெமி. காட்டுவதற்குத் தாள் வேண்டும் என்றால் அது இல்லை.

லிங்க்ட்இன் லேர்னிங், 1995இல் தொடங்கிய லிண்டா.காம் என்ற பழைய தளம்தான். 2015இல் லிங்க்ட்இன் அதை வாங்கியது. அலுவலகப் பணியாளர்களுக்கு, குறிப்பாக மனிதவளம், விற்பனை, நிர்வாகப் பிரிவுகளில் இருப்பவர்களுக்குப் பொருத்தமானது. தொழிற்சாலைத் தளத்தில் நிற்பவருக்கு அவ்வளவாகப் பயன்படாது.

இலவசமா, கட்டணமா என்ற கேள்வியில் ஒரு தகவல் யோசிக்க வைக்கிறது. எம்.ஐ.டி., ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் எட்எக்ஸ் பாடங்களில் சேர்ந்தவர்களை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரையின்படி, 2017-18இல் சேர்ந்த 100 பேரில் பாடத்தை முடித்தவர்கள் ஏறத்தாழ 3 பேர்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் முடித்தவர்கள் 46 விழுக்காடு. காசு கட்டினால்தான் படிப்பு வரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முடிக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள்தாம் பெரும்பாலும் பணம் கட்டுகிறார்கள்.

மொழியும் இணைய வசதியும்

தமிழில் கற்க விரும்புவோருக்கு வழி குறுகலானதுதான், ஆனால் அடைபட்டுவிடவில்லை. சென்னையைச் சேர்ந்த குவி என்ற தளம் கணினி நிரலாக்கத்தைத் தமிழிலேயே கற்றுத் தருகிறது. இந்திய ஐ.ஐ.டி.கள் 2003 முதல் நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தின் பொறியியல் விரிவுரைகள் யூடியூப்பில் இலவசம். அவற்றில் பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. மலேசிய முதலாளி இவற்றின் சான்றிதழைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஒரு கருத்தைத் தாய்மொழியில் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலப் பாடத்துக்குப் போனால் பாதி வேலை குறைந்துவிடும்.

தோட்டப்புறங்களில் அலைவரிசை இன்னும் சில இடங்களில் திண்ணைக்கு வந்தால்தான் கிடைக்கிறது. கோர்சேரா, யூடெமி, லிங்க்ட்இன் லேர்னிங் மூன்றின் கைத்தொலைபேசிச் செயலிகளிலும் காணொளியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. பட்டணத்துக்குப் போகும்போது வைஃபை உள்ள இடத்தில் ஒரு வாரத்துக்கானதை இறக்கிக் கொள்ளலாம். அருகில் நாடி மையம் இருந்தால் இன்னும் நல்லது. முன்பு பெடி என்றும், அதற்கு முன் இணைய மையம் என்றும் அழைக்கப்பட்டவை அவை. அங்கே கணினியும் இணையமும் கிடைக்கும். தேர்வையும் பயிற்சித் தாளையும் கைத்தொலைபேசியில் செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

முதலாளி கட்டும் ஒரு விழுக்காடு

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும், சட்டத்துக்குட்பட்ட துறைகளைச் சேர்ந்த முதலாளிகள், ஊழியர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்ட வேண்டும். 2021 மார்ச் முதல் பெரும்பாலான துறைகள் இதற்குள் வந்துவிட்டன. ஐந்து முதல் ஒன்பது பேர் வரை வைத்திருப்பவர்கள் விரும்பினால் 0.5 விழுக்காடு கட்டிச் சேரலாம். அடிப்படைச் சம்பளமும் நிரந்தர அலவன்சும்தான் கணக்கு, ஓவர்டைம் சேராது. 40 பேர் உள்ள ஒரு நிறுவனத்தில் எல்லாருக்கும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 680 ரிங்கிட், ஆண்டுக்கு 8,160 ரிங்கிட் சேர்கிறது. இந்தப் பணம் அந்த ஊழியர்களின் பயிற்சிக்கானது. முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டியது. ஊழியரின் சம்பளத்தில் பிடித்தால் குற்றம்.

'எச்.ஆர்.டி. கோர்ப் கிளைம் செய்யலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் படிப்பவரே கிளைம் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லெவி கட்டும் முதலாளிதான், அதுவும் பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பித்து, கழகத்தில் பதிவு பெற்ற பயிற்சியாளரின் வகுப்புக்குத்தான் பெற முடியும். யூடெமியில் தானாக வாங்கிய பாடத்தின் ரசீதைக் கொண்டுபோய்ப் பயனில்லை. ஆனால் நிறுவனத்தின் லெவிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, இந்த ஆண்டு யாருக்கு என்ன பயிற்சி என்று மனிதவளப் பிரிவில் கேட்பதில் தவறே இல்லை. மேலாளர்களின் ஹோட்டல் கருத்தரங்கோடு அந்தப் பணம் முடிந்துபோகும் இடங்களில், ஆபரேட்டர்கள் கேட்காமல் இருப்பதும் ஒரு காரணம்.

ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூர் போய் வருபவர்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் பற்றிக் கேட்பதுண்டு. 25 வயதான சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 500 வெள்ளி, 2024 மே முதல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி என்பதெல்லாம் குடிமக்களுக்கு மட்டுமே. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

அனுபவத்துக்கும் சான்றிதழ் உண்டு

இருபது ஆண்டுகளாக வெல்டிங்கோ குளிர்சாதனப் பழுதோ பார்த்துக் கையில் ஒரு தாளும் இல்லாதவருக்கு இணைய வகுப்பே தேவைப்படாமல் போகலாம். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.மை மூன்று வழிகளில் பெறலாம். பயிற்சி மையத்தில் படிப்பது ஒன்று. எஸ்.எல்.டி.என். திட்டத்தில் வேலை செய்துகொண்டே படிப்பது இன்னொன்று. மூன்றாவது பி.பி.டி. என்ற முன் அனுபவ அங்கீகாரம். இதில் வகுப்பறை இல்லை. தாம் செய்த வேலைகளின் படம், வேலை ஆணை, முதலாளியின் கடிதம் போன்ற ஆதாரங்களை ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்து, நேரிலும் சோதித்து முடிவு செய்வார். சான்றிதழை வழங்குவது திறன் மேம்பாட்டுத் துறை. நாடெங்கும் செல்லும். கோப்பு தயாரிப்பதுதான் பலரைத் தடுமாற வைக்கிறது. எஸ்.பி.எம். முடித்த மகனோ மகளோ உட்கார்ந்து உதவினால் சில வார இறுதிகளில் முடிந்துவிடும். எக்செல்லும் மலாய்த் தட்டச்சும் இங்கே கை கொடுக்கும். அதை இ-லாத்தேயில் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்கள் சொந்தப் பணத்தில் எந்த வகுப்பிலும் சேரும் முன் சொக்சோ அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தில், சந்தா தகுதி உள்ளவர்களுக்கு வேலை தேடும் அலவன்சோடு பயிற்சிக் கட்டண உதவியும் உண்டு. வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பணி நீக்கக் கடிதம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போகலாம்.