இடம் மாறாத சாம்பியன்கள்

ஒரு குத்துச்சண்டை வீரர் எவ்வளவு பெரியவர் என்று இன்று எடைபோட உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்வி, அவர் எத்தனை எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றார் என்பதுதான். மேனி பாக்கியோ எட்டு, ஆஸ்கர் டி லா ஹோயா ஆறு, ஃபிளாய்ட் மேவெதர் ஐந்து என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். இந்தக் கணக்கில் மார்வின் ஹேக்லருக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. 1973 முதல் 1987 வரை அவர் ஆடியவை 67 தொழில்முறைப் போட்டிகள். 62 வெற்றி, 3 தோல்வி, 2 சமன். வெற்றிகளில் 52 நாக் அவுட். தொடக்கம் முதல் ஓய்வு வரை 160 பவுண்டு, அதாவது சுமார் 72.5 கிலோ வரம்புள்ள மிடில்வெயிட் வீரராகவே இருந்தார். அவருக்குச் சற்று முன் அதே பட்டத்தை 1970 முதல் 1977 வரை வைத்திருந்து, 14 முறை தக்கவைத்து, அதை வளையத்தில் யாரிடமும் இழக்காமலேயே விடைபெற்ற அர்ஜென்டினாவின் கார்லோஸ் மொன்சோனுக்கும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இவர்களுக்கு வேட்கை குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிரிவுகளை எண்ணிப் பெருமை பேசும் வழக்கம் பரவியது பிற்காலத்தில். அதற்கு வசதியாகப் பிரிவுகளும் பெருகின. அந்த அளவுகோலை முந்தைய தலைமுறையின் மேல் வைத்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

நவீன விளையாட்டுக்கு அடித்தளமிட்ட 1867ஆம் ஆண்டின் குயின்ஸ்பெரி விதிகளில் எடைப்பிரிவுகள் பற்றி எதுவும் இல்லை. லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909இல் எட்டுப் பிரிவுகளை வரையறுத்தது. ஃபிளைவெயிட்டுக்கு 112 பவுண்டில் தொடங்கி லைட் ஹெவிவெயிட்டுக்கு 175 பவுண்டு வரை ஏழு வரம்புகள். அதற்கு மேற்பட்டோர் எல்லாம் ஹெவிவெயிட். உடம்பு பெருக்கப் பெருக்க இடைவெளியும் அகன்றது. வெல்டர்வெயிட்டுக்கும் மிடில்வெயிட்டுக்கும் இடையே 13 பவுண்டு, மிடில்வெயிட்டுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடையே 15. கீழ்ப்பக்கம் 154 பவுண்டில் ஒரு படி 1962இல் வந்தது. மேல்பக்கம் 168 பவுண்டுக்குத் தனிப்பிரிவு வர 1984 ஆயிற்று. ஹேக்லர் லண்டன் வெம்ப்ளியில் ஆலன் மின்ட்டரை மூன்றே சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றது 1980இல். ஆக, சாம்பியனான முதல் நான்கு ஆண்டுகளில் அவருக்கு மேலே இருந்தது ஆறடிக்கும் மேல் உயரமான மைக்கேல் ஸ்பிங்க்ஸ் போன்றவர்கள் கோலோச்சிய லைட் ஹெவிவெயிட் மட்டுமே. ஹேக்லர் ஆறடிக்குக் குறைந்தவர். ஏறுவதற்குப் படியே இல்லாத இடத்தில் ஏறவில்லை என்று குறை சொல்வதில் பொருளில்லை.

எடை பார்க்கும் நேரத்துக்கும் இதில் பங்குண்டு. முன்பெல்லாம் போட்டியன்று காலையில்தான் எடை பார்ப்பார்கள். முள் வரம்பைத் தாண்டினால் அங்கேயே கயிறு தாண்டியோ, கனத்த உடையோடு ஓடியோ, நீராவி அறையில் உட்கார்ந்தோ வியர்வையாகக் கரைத்துவிட்டு மறுபடி தராசில் ஏற வேண்டும். அப்படி வற்றிய உடம்போடு அன்றிரவே 15 சுற்று நிற்க முடியாது. அதனால் இயல்பான எடைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிவில் நிலைப்பதே பிழைக்கும் வழி. 1982இல் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ உயிரிழந்த பிறகு பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 சுற்றுகளாகக் குறைந்தன. எடை பார்ப்பதும் முதல் நாளுக்கு நகர்ந்தது. வீரரின் பாதுகாப்பை எண்ணித்தான் செய்தார்கள். ஆனால் நீரை வற்றவைத்துத் தராசில் ஏறி, ஒரு பகல் ஓர் இரவில் இழந்த எடையை மீட்டுக்கொண்டு வளையத்துக்கு வரும் உத்திக்கும் அது வழிவிட்டது. தராசு காட்டும் எடையும் குத்து விடும் எடையும் வேறு வேறாகிவிட்ட காலத்தில் பிரிவு மாறுவது எளிது. ஒரே பிரிவில் தங்கியிருப்பதுதான் அரிது.

எட்டே பிரிவுகள் இருந்த நாளிலேயே ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1937, 1938 ஆண்டுகளில் ஃபெதர்வெயிட், வெல்டர்வெயிட், லைட்வெயிட் ஆகிய மூன்று பட்டங்களையும் வென்று ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெல்டர்வெயிட் சாம்பியன் பார்னி ராஸை அவர் வென்றபோது அவருடைய எடை லைட்வெயிட் வரம்புக்குள்ளேயே இருந்தது. அவர் உடம்பை ஏற்றிக்கொண்டு மேலே போகவில்லை. தன் உடம்போடு பெரிய ஆட்களிடம் போனார். 1988 நவம்பரில் ரே லெனார்ட் கனடாவின் டானி லலாண்டை வென்றதை இதோடு ஒப்பிடலாம். லலாண்ட் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். ஆனால் இருவரும் 168 பவுண்டுக்கு மிகாமல் வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டு, சூப்பர் மிடில்வெயிட், லைட் ஹெவிவெயிட் ஆகிய இரண்டு பட்டங்களையும் அந்த ஒரே போட்டியில் வைத்தார்கள். ஒரே இரவில் லெனார்டின் கணக்கில் இரண்டு பிரிவுகள் கூடின. ஆம்ஸ்ட்ராங்கின் மூன்றையும் லெனார்டின் ஐந்தையும் ஒரே பட்டியலில் எழுதுவதுதான் இந்த அளவுகோலின் கோளாறு.

ஒரே இடத்தில் நின்றவரைத் தேடி மற்றவர்கள் வந்ததையும் பார்க்க வேண்டும். வெல்டர்வெயிட் சாம்பியன் ஹோசே நாப்போலஸ் 1974இல் மேலேறி வந்து பாரிஸ் அருகே மொன்சோனிடம் தோற்றார். லைட்வெயிட்டில் கோலோச்சிய ராபர்ட்டோ டுரான் 1983இல் ஹேக்லரோடு 15 சுற்று முழுவதும் நின்று தோற்றார். வெல்டர்வெயிட்டிலிருந்து வந்த தாமஸ் ஹியர்ன்ஸ் 1985 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் எட்டு நிமிடம் ஒரு வினாடிதான் தாக்குப்பிடித்தார். கடைசியில் 1987இல் ஹேக்லரை வென்ற லெனார்ட், 12 சுற்று, பெரிய வளையம், 10 அவுன்ஸ் கையுறை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே பேசி வாங்கிக்கொண்டுதான் வந்தார். முடிவு நடுவர்களிடையே பிளவுபட்டது: இருவர் லெனார்டுக்கு, ஒருவர் ஹேக்லருக்கு. பிரிவு விட்டுப் பிரிவு தாவியவர்கள் தங்கள் தரத்தை உரசிப் பார்க்க ஒரு நிலையான ஆள் தேவைப்பட்டார். அந்த இடத்தில் ஹேக்லர் இருந்ததால்தான் அவர்களுடைய தாவலுக்கும் மதிப்பு வந்தது.

ஆம்ஸ்ட்ராங்கின் உதாரணத்தைவிடக் கனமான ஆட்சேபம் தென்கொரியாவிலிருந்து வருகிறது. யூ மியுங்-வூ 108 பவுண்டு லைட் ஃபிளைவெயிட்டில் டபிள்யூ.பி.ஏ. என்ற உலக அமைப்பின் பட்டத்தை 1985 முதல் 1991 வரை தொடர்ந்து 17 முறை தக்கவைத்தார். 1991இல் ஒசாகாவில் ஹிரோக்கி இயோக்காவிடம் இழந்ததை அடுத்த ஆண்டே மீட்டு, 38 வெற்றி, ஒரே ஒரு தோல்வியோடு ஓய்வு பெற்றார். அவருக்கு மேலே இருந்த இடைவெளி வெறும் நான்கு பவுண்டு. படி இல்லை என்ற வாதம் இங்கே நிற்காது. அதே ஆண்டுகளில், அதே எடையில், அதே நாட்டில் சாங் ஜுங்-கூ 15 முறை தக்கவைத்த, இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.சி.யின் பட்டத்தை வைத்திருந்தார். இருவரும் மோதவே இல்லை. பின்னால் சாங் ஃபிளைவெயிட்டுக்கு ஏறி இரண்டு பட்டப் போட்டிகளிலும் தோற்றார் என்பது யூவின் முடிவு விவேகமானது என்று காட்டலாம். ஆனால் பட்டம் பல அமைப்புகளுக்கிடையே பிளந்து கிடக்கும்போது, ஒரே பிரிவில் இருந்துகொண்டே அந்தப் பிரிவின் மிகக் கடினமான ஆளைத் தவிர்த்துவிட முடியும் என்பதையும் இதே வரலாறு சொல்கிறது.

ஆகவே ஒரே பிரிவில் இருந்தது தன்னளவில் பெருமையும் அல்ல, குறையும் அல்ல. அந்தப் பிரிவின் வாசலில் வந்து நின்றவர்கள் யார், அவர்களில் எத்தனை பேரை இவர் எதிர்கொண்டார் என்பதே கேள்வி. ஹேக்லரிடம் அவர் பிரிவின் ஏறத்தாழ எல்லாப் பட்டங்களும் இருந்தன. யூவிடம் ஒரு பங்குதான் இருந்தது. இன்று பதினேழுக்குக் குறையாத பிரிவுகள், நான்கு முக்கிய அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பட்டப் போட்டிக் கட்டணம். சுவரொட்டியில் ‘மூன்று பிரிவு சாம்பியன்’ என்று போட்டால் சீட்டு விற்கும் என்பதால் வீரர்கள் இடம் மாறுவது இன்னும் கூடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வரலாறு எழுதுபவர்கள்தான் பட்டங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு எதிரிகளை எண்ணத் தொடங்க வேண்டும்.