காற்றைக் காய்ச்சியவர்கள்

விமானந்தாங்கிக் கப்பலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மேல்தளத்திலேயே நின்றுகொண்டு எழுதுகிறார்கள். 1971-ஆம் வருஷத்துப் பாகிஸ்தான் யுத்தத்தில், டிசம்பர் 4-ஆம் தேதி ‘விக்ராந்த்’ கப்பலிலிருந்து கிளம்பிய ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியதைப் பற்றி எத்தனையோ படித்திருந்தும், அவை எழும்புவதற்கு வேண்டிய காற்று எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்கு வெகுகாலம் தோன்றியதே இல்லை. அக்கப்பலின் கொதிகலன் அறையில் ஸ்டோக்கராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர்தாம் அந்தக் கேள்வியையும் எழுப்பி விடையையும் சொன்னவர்: “காத்து பாதி ஆண்டவன் குடுத்தது, தம்பி, மீதி நாங்க கீழே காய்ச்சினது.”

விக்ராந்தின் மொத்த நீளமே 700 அடிதான். அந்தச் சிறு வெளியிலிருந்து ஒரு ஜெட் விமானம் கிளம்ப வேண்டுமானால், நீராவியால் இயங்கும் கவண் அதை உந்தி எறிவதோடு, கப்பலும் காற்று வரும் திசைக்கு முகம் திருப்பிக்கொண்டு தன்னால் இயன்ற வேகத்தில் ஓட வேண்டும்; இயற்கைக் காற்றும் கப்பலின் ஓட்டத்தால் பிறக்கும் எதிர்காற்றும் சேர்ந்துதான் இறக்கைகளைத் தூக்குகின்றன. சமுத்திரம் மூச்சடங்கிக் கிடக்கும் நாளில் அந்தப் பாரம் முழுவதும் கப்பலின் வேகத்தின்மேல், அதாவது நீராவியின்மேல், அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே வியர்வையில் நனைந்து நிற்கும் சில மனிதர்களின்மேல் வந்து விழுகிறது. கவணுக்கும் அதே நீராவியில்தான் பங்கு.

ஸ்டோக்கர் என்ற பெயர், கரியை அள்ளி உலையில் போட்ட காலத்தது. கரி போய் ஃபர்னஸ் ஆயில் வந்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. இந்த வித்தையைக் கற்பிக்கும் கடற்படைப் பள்ளியான ‘ஐ.என்.எஸ். சிவாஜி’ 1945-இல் நிறுவப்பட்ட இடமோ லோனாவ்லா! அலையோசையே எட்டாத மலையூரில் கப்பல் எந்திரம் பயின்றதை நினைத்து இன்றும் சிரிக்கிறார் பெரியவர்.

விக்ராந்தில் கொதிகலன்கள் நான்கு. மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக முக்கோணத்தில் அமைந்த பெரிய உருளைகளும், அவற்றை இணைக்கும் எண்ணற்ற குழாய்களும், நடுவே அக்கினியும் கொண்டது ஒவ்வொன்றும். நான்கும் சேர்ந்து 40,000 குதிரைசக்திக்கு வேண்டிய நீராவியை டர்பைன்களுக்கு ஊட்டின. காவல் முறை நான்கு மணி நேரம். அதில் ஒருவன் கண் முழுவதும் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்மேலேயே இருக்கும். மட்டம் தாழ்ந்தால் குழாய்கள் வெந்து கருகும். மிதமிஞ்சி உயர்ந்தாலோ நீராவியோடு ஜலமும் சென்று டர்பைனின் தகடுகளை முறித்துவிடும். எண்ணெய் தூவும் முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவதும், புகை கறுத்தால் காற்றைக் கூட்டி, வெளுத்தால் குறைப்பதும் மற்றவர் வேலை. உலைக்குள் ஊற்றும் தண்ணீரோ கடல் நீரைக் காய்ச்சி வடித்த சுத்த ஜலம். அதில் சற்றே உப்பு கலந்தாலும் குழாய்கள் அரித்துப்போகும் என்பதால், மனிதர் குளிக்க நீர் குறைந்தாலும் குறையுமேயன்றி, கொதிகலனின் நைவேத்தியத்துக்குப் பங்கம் வராது. அதன் முன் நிற்பவனோ, உடம்பின் உப்பெல்லாம் வியர்வையாய் வழிந்துபோக, உப்பு மாத்திரை விழுங்கிக்கொண்டு நிற்பான். கொதிகலனுக்கு விஷமானது அதைக் காப்பவனுக்கு மருந்தாயிற்று.

கப்பலுக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரில் இங்கிலாந்தில் 1943-இல் கட்டத் தொடங்கி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பாதியில் நிறுத்தப்பட்டு, 1957-இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் பூர்த்தியாகி, 1961 மார்ச் 4-ஆம் தேதி நமது கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. பத்தே வருஷத்தில், யுத்த மேகம் திரண்டிருந்த வேளையில், கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டது. மணிக்கு இருபத்துநான்கு கடல்மைலுக்கு மேல் ஓடக்கூடிய கப்பல் சுமார் பதினாறு கடல்மைலோடு திருப்தியடைய வேண்டிய நிலை. யுத்தத்துக்கு அனுப்பலாமா என்று விவாதம் நடந்தது; மூன்று கொதிகலன்களோடு அனுப்பத் துணிந்தார் கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தா. கீழைக் கடற்படையின் தலைமையில் இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தருகே வந்து மூழ்கியபோது விக்ராந்த் அந்தமான் பக்கத்தில் மறைந்திருந்தது.

அந்தத் துணிவைப் புகழ்கிறவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் துணிவு என்பது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடுகிற காரியமா? மேலே ஒவ்வொரு விமானமும் கிளம்பும்போது, மீதி மூன்றுக்கும் விரிசல் வராதென்று யாரும் உத்தரவாதம் கொடுக்காத அறையில், அந்த மூன்றையும் விடாமல் எரித்துக்கொண்டு சிலர் நின்றார்களே! வானத்தில் நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. கவண் அடிக்கும் அதிர்ச்சியை எண்ணித்தான் எத்தனை விமானம் போயிற்று என்று தெரிந்துகொண்டார்களாம்.

1997 ஜனவரி 31-ஆம் தேதி விக்ராந்த் ஓய்வு பெற்றது. பம்பாயில் காட்சிப்பொருளாக இருந்து, 2014-இல் உடைக்கப்பட்டது. 2022-இல் கொச்சியில் சேவையில் சேர்ந்த புது விக்ராந்துக்கு வாயு டர்பைன்கள். கொதிகலனைக் காத்து ஓட வேண்டிய அவசியம் அதற்கில்லை. பழைய கப்பலின் உலோகத்தை உருக்கிக் கலந்து மோட்டார் சைக்கிள் செய்திருக்கிறார்கள் என்று சொல்லி, எதிர்வீட்டுப் பையன் தான் வாங்கிய வண்டியைப் பெரியவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அவர் பெட்ரோல் டாங்கியைத் தடவிப் பார்த்து, “இது மேல்தளத்து இரும்பா தம்பி, கீழ்த்தளத்து இரும்பா?” என்று கேட்டார். பையன் விழித்தான்.