இசைப்பதிவுக் கணினியும் அமைதியான மின்வழங்கியும்: ஒரு வரலாறு

கணினி மின்வழங்கி என்பது வீட்டு மின்னிணைப்பில் வரும் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணினிக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியாகும். கடைகளில் இது எஸ்எம்பிஎஸ் என்றே அழைக்கப்படுகிறது. அலுவலகத்திலோ பள்ளியிலோ இதன் விசிறிச் சத்தத்தை யாரும் பெரிதாகக் கருதுவதில்லை. இசைப்பதிவு செய்யும் அறையில் நிலைமை வேறு. பாடகரின் மெல்லிய குரலையும் வீணைத் தந்தியின் நாதம் தேய்ந்து மறையும் கடைசி நொடியையும் பிடிக்கும் ஒலிவாங்கி, அருகிலுள்ள விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். குரலோடு கலந்துவிட்ட இரைச்சலைப் பின்னர் குரல் கெடாமல் முழுவதும் பிரித்தெடுப்பது கடினம்.

மின்வழங்கி வரலாற்றில் அமைதி இருமுறை வந்துள்ளது. முதலில், கணினிகள் குறைந்த மின்சாரத்தில் இயங்கியதால் அது இயல்பாகவே இருந்தது. இடையில் அது தொலைந்தது. பின்னர் வெப்ப இழப்பைக் குறைத்ததன் மூலம் மீட்கப்பட்டது.

விசிறி ஏன் தேவைப்பட்டது

மின்வழங்கி உள்வாங்கும் திறன் முழுவதும் கணினிக்குச் சென்று சேர்வதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. உள்வாங்கும் திறனில் எத்தனை விழுக்காடு வெளியே கிடைக்கிறது என்பதே அதன் பயனுறுதிறன். பழைய நேரியல் வகை மின்வழங்கிகளில் கனமான மின்மாற்றி இருந்தது. மிகுதியான மின்னழுத்தத்தை வெப்பமாகவே அவை வெளியேற்றின. நிலைமாற்றி வகை மின்வழங்கி, மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதனால் வெப்ப இழப்பும் எடையும் குறைந்தன.

1977-இல் வெளிவந்த ஆப்பிள் II கணினியில் ராட் ஹோல்ட் வடிவமைத்த நிலைமாற்றி மின்வழங்கி இருந்தது. அதன் திறன் 38 வாட். அக்கணினிக்கு விசிறி இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் தனிநபர் கணினியில் 63.5 வாட் மின்வழங்கி விசிறியுடன் அமைந்தது. அந்த விசிறியே பெட்டி முழுவதையும் குளிர்வித்தது. மின்வழங்கியின் விசிறி கணினியின் மற்ற பாகங்களின் வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டும் என்ற இந்த ஏற்பாடு அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது.

விசிறியற்ற தொடக்கக் காலம்

1983-இல் மிடி என்னும் இசைக்கருவி இணைப்பு முறை அறிமுகமானது. 1985-இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்பான்கள் உள்ளமைந்தே இருந்தன. 520 எஸ்டி, 1040 எஸ்டி ஆகிய மாதிரிகளில் விசிறி இல்லை. 1989-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் இக்கணினிக்காகக் கியூபேஸ் மென்பொருளை வெளியிட்டது. 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினியும் விசிறி இல்லாமல், மேற்புறத் துளைகள் வழியே வெப்பத்தை வெளியேற்றியது. 1987-இல் வந்த மெக்கின்டாஷ் எஸ்இ மாதிரியில் விசிறி சேர்க்கப்பட்டது.

மிடி முறையில் கணினி பதிவு செய்வது ஒலியை அன்று. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்புகளை மட்டுமே. ஒலி நாடாவில் பதிவானது. ஆகவே கணினியின் வேலைப்பளுவும் குறைவு, வெப்பமும் குறைவு.

கணினியே பதிவுக்கருவியாதல்

1991-இல் டிஜிடிசைன் நிறுவனத்தின் புரோ டூல்ஸ் வந்தது. 1996-இல் கியூபேஸ் விஎஸ்டி வந்தபின், பல தட ஒலிப்பதிவும் ஒலிவிளைவுகளும் கணினியின் செயலியிலேயே நடக்கத் தொடங்கின. இசைக்கலைஞர்களுக்கு வேகமான செயலி தேவைப்பட்டது. வேகம் கூடக்கூட வெப்பமும் கூடியது. 2004-இல் வந்த பென்டியம் 4 செயலிகளில் சில, வெப்ப வடிவமைப்பு அளவில் 115 வாட்டை எட்டின. முதல் ஐபிஎம் கணினியின் மின்வழங்கி மொத்தமாகத் தந்ததைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு.

1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரநிலை மின்வழங்கியைச் செயலிக்கு அருகில் பெட்டியின் மேற்பகுதியில் அமைத்தது. இதனால் செயலியின் சூடான காற்று மின்வழங்கிக்குள் புகுந்தது. அந்தச் சூட்டை உணர்ந்து சிறிய 80 மில்லிமீட்டர் விசிறி வேகமெடுத்துச் சுழன்றது.

2002 ஆகஸ்டில் வந்த பவர் மேக் ஜி4 கணினி இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் இரைச்சலால் பயனர்கள் அதற்குக் 'காற்றுச் சுரங்கம்' என்று பட்டப்பெயர் வைத்தனர். 2003-இல் ஆப்பிள் நிறுவனம் 19.95 டாலர் கட்டணத்தில் மின்வழங்கியையும் விசிறியையும் மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்கள் கணினியைத் தனி அறையில் வைத்து நீண்ட கம்பிகளால் இணைத்துக்கொண்டன. ஒரே அறையில் பாடவும் பதிவு செய்யவும் வேண்டியிருந்த வீட்டுக் கலைஞர்களுக்கு அந்த வழி இல்லை.

பயனுறுதிறன் தந்த அமைதி

2002-இல் கனடாவின் வான்கூவர் நகரில் மைக் சின் தொடங்கிய சைலன்ட் பிசி ரிவியூ இணையதளம் மின்வழங்கிகளின் சத்தத்தை அளந்து வெளியிட்டது. 2005-இல் அவருடைய பங்களிப்புடன் ஆன்டெக் நிறுவனத்தின் பி180 பெட்டி வந்தது. அதில் மின்வழங்கி கீழ்ப்பகுதியில் தனி அறையில் அமைந்தது. செயலியின் வெப்பம் அதைத் தாக்குவது நின்றது.

இதைவிடப் பெரிய மாற்றம் 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழ். மின்வழங்கி தன் முழுத்திறனில் 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறன் தர வேண்டும் என்று அது வரையறுத்தது. 2005-இல் தைவானின் சீசோனிக் நிறுவனம் முதல் சான்றிதழைப் பெற்றது. பின்னர் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டேனியம் என்னும் படிநிலைகள் சேர்ந்தன. மின்சாரச் சேமிப்புக்காகத் தொடங்கிய இத்திட்டம் அமைதிக்கும் வழி செய்தது.

இதை எளிய கணக்கால் அறியலாம். கணினிக்கு 200 வாட் தேவை என்போம். பயனுறுதிறன் 70 விழுக்காடானால் மின்வழங்கி ஏறத்தாழ 286 வாட் உள்வாங்கி 86 வாட்டை வெப்பமாக்கும். 90 விழுக்காடானால் 222 வாட் உள்வாங்கி 22 வாட்டை மட்டுமே வெப்பமாக்கும். வெப்பம் நான்கில் ஒரு பங்காகிறது. விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும். விசிறியின் வேகம் பாதியானால் அதன் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 80 மில்லிமீட்டருக்குப் பதில் 120 மில்லிமீட்டர் விசிறி வைத்தால் பரப்பு 2.25 மடங்காகிறது. எனவே அதே அளவு காற்றைக் குறைந்த வேகத்திலேயே தள்ள முடிகிறது.

விசிறியற்ற வகையும் கீச்சொலியும்

2004-இல் வந்த ஆன்டெக் பேன்டம், 2010-இல் வந்த சீசோனிக் எக்ஸ் வரிசை ஆகியவற்றில் விசிறியே இல்லாத மாதிரிகள் இருந்தன. குறைந்த சுமையில் விசிறியை நிறுத்திவைக்கும் அரைவிசிறி வகையும் பரவியது.

விசிறி நின்றபின், அதுவரை மறைந்திருந்த வேறொரு ஒலி கேட்கத் தொடங்கியது. மின்தூண்டிச் சுருள்கள் மின்னோட்ட மாற்றத்தால் நுண்ணியதாக அதிர்ந்து எழுப்பும் கீச்சொலி அது. செயலியின் சுமை மாறும்போது இதன் சுருதியும் மாறும். இதை விசிறியை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

காதுக்குக் கேட்காத சத்தம்

ஒலிப்பதிவில் இரைச்சல் கம்பி வழியாகவும் வரலாம். ஏடிஎக்ஸ் தரநிலை 12 வோல்ட் தடத்தில் 120 மில்லிவோல்ட், 5 மற்றும் 3.3 வோல்ட் தடங்களில் 50 மில்லிவோல்ட் வரை சிற்றலையை அனுமதிக்கிறது. தரமான மின்வழங்கிகள் இந்த வரம்புக்கு வெகு கீழேயே இயங்குகின்றன. கணினியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு வழிகளில் எர்த் பெறும்போது உருவாகும் வளையத்தாலும் 'ம்ம்' என்ற ரீங்காரம் எழும். இதை நிறுத்த எர்த் ஊசியை அகற்றுவது உயிருக்கே ஆபத்தானது. எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் இணைப்பதும் சமநிலை ஒலிக்கம்பிகளைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பான வழிகள்.

தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. 80 பிளஸ் சான்றிதழ் பயனுறுதிறனை மட்டுமே அளக்கிறது, சத்தத்தை அளப்பதில்லை. சைபனெட்டிக்ஸ் நிறுவனத்தின் லாம்டா சான்றிதழ் சத்தத்தை அளக்கிறது. அதன் உயர்ந்த படிநிலைக்குச் சராசரிச் சத்தம் 15 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும்.
2. பதிவின்போது கணினி எடுக்கும் திறனைப் போல ஏறத்தாழ இரு மடங்குள்ள மின்வழங்கி நல்லது. பாதிச் சுமையில் பயனுறுதிறன் பொதுவாக உச்சத்தை ஒட்டி இருக்கும்.
3. அரைவிசிறி வகையில், பதிவுச் சுமை விசிறி நிற்கும் எல்லைக்குள் அடங்க வேண்டும். பாடலின் நடுவே விசிறி திடீரெனச் சுழலத் தொடங்குவது, சீரான மெல்லிய சத்தத்தைவிட அதிகமாக உறுத்தும்.
4. விசிறியற்ற மின்வழங்கியின் வெப்பம் பெட்டிக்குள்ளேயே தேங்கும். மெதுவாகச் சுழலும் ஒரு பெட்டி விசிறியாவது தேவை.
5. 80 பிளஸ் சோதனை ஏறத்தாழ 23 பாகை செல்சியசில் நடக்கிறது. மின்விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்யும் தமிழ்நாட்டுக் கோடைக்கால அறை அதைவிட வெகு சூடானது. ஆகவே கூடுதல் திறன் இருப்பு வேண்டும்.
6. மற்ற பாகங்களையும் பார்க்க வேண்டும். வரைகலை அட்டையின் விசிறி இரையுமானால் மின்வழங்கிக்குச் செலவிடும் பணம் வீண்.

இன்றைய நிலை

2020 நவம்பரில் எம்1 செயலியுடன் வந்த மேக்புக் ஏர் மடிக்கணினியில் விசிறி இல்லை. பல தட இசைப்பதிவையே அது அமைதியாகச் செய்கிறது. மேசைக் கணினிகளில் வரைகலை அட்டைகளின் தேவை பெருகியதால் 1000 வாட் மின்வழங்கிகளும் விற்பனையாகின்றன. இசைப்பதிவுக்கு மட்டும் பயன்படும் கணினிக்கு அவ்வளவு திறன் தேவையில்லை. அதன் சுமை பெரும்பாலும் முதன்மைச் செயலியில்தான் விழுகிறது.