பதிவேடு வைத்த கிணறு

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "முசே, பூமிக்கடியில் தண்ணீரைப் பீய்ச்சி எரிவாயு எடுக்கிறார்களாமே, அதனால் நிலநடுக்கம் வருமா?" நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஷேல் என்பது களிமண் இறுகி ஏடு ஏடாக ஆன பாறை. அதற்குள் எரிவாயு இருந்தாலும் வெளியே வர வழி இருக்காது. இரண்டு கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் ஆழமாகக் கிணறு தோண்டி, மணலும் சில ரசாயனங்களும் கலந்த தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பாறை விரிசல் விடுகிறது. மணல் அந்த விரிசல் மூடாமல் தாங்கிக்கொள்ள, வாயு மேலே வருகிறது.

பாறை விரியும்போது மிகச் சிறிய அதிர்வுகள் உண்டாகும். மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஜியோபோன் என்ற கருவிகளைப் பக்கத்துக் கிணற்றில் இறக்கினால் அவற்றுக்குக் கேட்கும். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை வைத்து இடி விழுந்த தூரத்தைக் கணிக்கிறோமே, அதுபோல வேகமாக வரும் அலைக்கும் மெதுவாக வரும் அலைக்கும் உள்ள இடைவெளியை வைத்து, விரிசல் எங்கே போகிறது என்று வரைந்துவிடலாம்.

இங்கிலாந்தில் லங்காஷயரில், பிளாக்பூல் நகரத்துக்கு அருகே பிரீஸ் ஹால் என்ற இடத்தில் இந்த வேலை நடந்தபோது, 2011 ஏப்ரல் 1-ந் தேதி 2.3 அளவில் நிலம் அதிர்ந்தது. அருகில் போதிய கருவிகள் இல்லை. வெகு தொலைவிலிருந்த நிலையங்களின் பதிவை வைத்துத்தான் முதலில் இடத்தைக் கணித்தார்கள். அதன் பிறகே தற்காலிகக் கருவிகள் வந்தன. மே 27-ந் தேதி மறுபடியும் 1.5. வேலை நின்றது.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஒரு பெரியவர், தேதிக்குள் மனு கொடுத்தேன் என்று சத்தியம் செய்தார். தபால் பதிவேட்டில் வரவு இல்லை. அவர் சொன்னது உண்மையென்றே நினைக்கிறேன். ஆனாலும் மனு தள்ளுபடியாயிற்று.

பிறகு இங்கிலாந்து அரசு டிராபிக் சிக்னல் போல ஒரு விதி வைத்தது. தண்ணீர் செலுத்தும்போது 0.5 அல்லது அதற்கு மேல் அதிர்வு பதிவானால் சிவப்பு. 18 மணி நேரம் நிறுத்த வேண்டும். அதே லங்காஷயரில் பிரெஸ்டன் நியூ ரோட்டில் 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள். முதல் கிணற்றில் மட்டும் 38 ஆயிரத்துக்கும் அதிகமான நுண்ணதிர்வுகள் பதிவாயின. 0.5 மிகக் கடுமையான வரம்பு என்று கம்பெனி முறையிட்டது. அரசு தளர்த்தவில்லை.

அடுத்த ஆண்டு இரண்டாவது கிணறு. ஆகஸ்ட் 24-ந் தேதி 2.1. 26-ந் தேதி காலை 2.9, வீடுகள் அதிர்ந்தன. கவனியுங்கள், அன்று பம்பு ஓடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து, எல்லாம் நிறுத்திய பிறகுதான் பெரிய அதிர்வு வந்தது! எத்தனை அளவில் வரும் என்று முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாது என்பதே ஆய்வின் முடிவு. 2019 நவம்பர் 2-ந் தேதி அரசு தடை விதித்தது. 2022 செப்டம்பரில் ஒரு பிரதமர் அதை நீக்கினார்; அடுத்த மாதமே அடுத்தவர் திரும்பக் கொண்டுவந்தார்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த நாட்டுச் செய்திகளை இன்றும் விடுவதில்லை. பிரான்ஸ் 2011 ஜூலை 13-ந் தேதிச் சட்டத்திலேயே இந்த முறையைத் தடை செய்துவிட்டது. 2013 அக்டோபரில் அங்குள்ள அரசியலமைப்பு மன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பிரான்ஸ் சோதித்துப் பார்க்காமலே கதவைச் சாத்தியது. இங்கிலாந்து காதுகொடுத்துக் கேட்ட பிறகு சாத்தியது.

எது சரி என்று நண்பர் கேட்பார். பதிவேடு நடந்ததைச் சொல்லும், நடக்கப்போவதைச் சொல்லாது. அந்த வகையில் பிரான்ஸின் எச்சரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் 2019-ல் பிளாக்பூல் பக்கத்து மக்கள் "எங்கள் வீடு ஆடியது" என்று சொன்னபோது, யாரும் அதைப் பிரமை என்று தள்ள முடியவில்லை. தேதியும் நேரமும் அளவும் ஏட்டில் இருந்தன. எங்கள் ஆபீசுக்கு வந்த பெரியவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.