சிட்னித் தோல்வியும் அட்லாண்டா அணியும்

1994-ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த மகளிர் உலகக் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் பிரேசிலிடம் அமெரிக்கா 110–107 என்ற கணக்கில் தோற்றது. ஆஸ்திரேலியாவை வென்று வெண்கலப் பதக்கத்தோடு ஊர் திரும்பியது. 1984, 1988 ஒலிம்பிக்கிலும் 1986, 1990 உலகப் போட்டியிலும் தங்கம் வென்ற நாடு அது. அதற்குப் பிறகு 1991-இல் ஹவானாவில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் வெண்கலம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணியிடம் 79–73 எனத் தோற்று மீண்டும் வெண்கலம். ஒரு முறை தோற்றால் அன்றைய ஆட்டம் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். மூன்றாவது முறை அந்தச் சாக்கு எடுபடவில்லை.

107 புள்ளி எடுத்த அணிக்குப் பந்தைக் கூடையில் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஓட்டை தடுப்பாட்டத்தில் இருந்தது. எதிரணி வீராங்கனை ஒருத்தி தன்னைத் தடுப்பவளைத் தாண்டிக் கூடையை நோக்கிப் பாய்ந்தால், பக்கத்தில் நிற்பவள் தன் ஆளை விட்டுவிட்டுக் குறுக்கே வர வேண்டும். அவள் விட்டுவந்த ஆளை மூன்றாமவள் போய்ப் பிடிக்க வேண்டும். இந்த இடமாற்றம் யாரும் கத்திச் சொல்லாமல் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தாக வேண்டும். தனித்திறமை எவ்வளவு இருந்தாலும், சேர்ந்து ஆடிப் பழகாதவர்களுக்கு அது வராது. ஹோர்டென்சியா, 'மேஜிக்' பவுலா, ஜேனெத் ஆகியோரைக் கொண்ட பிரேசில் அணியோ ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடிவந்தது. அந்த உலகக் கோப்பையையும் அதுவே வென்றது.

அமெரிக்க வீராங்கனைகளுக்கு அப்படிச் சேர்ந்திருக்க வழியே இல்லை. கல்லூரிக் காலம் முடிந்ததும் உள்நாட்டில் சம்பளம் தரும் நிலையான லீக் கிடையாது. இத்தாலி, ஜப்பான், ஹங்கேரி என்று பிழைப்பு தேடிப் போனவர்களைப் பெரிய போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னால் திரட்டி ஓர் அணி என்று அனுப்புவதுதான் வழக்கமாக இருந்தது.

அடுத்த ஒலிம்பிக் 1996-இல் சொந்த மண்ணில், அட்லாண்டாவில். தோல்வியின் வலியைவிட இந்த நாள்காட்டிதான் அதிகாரிகளை அசைத்தது என்று சொல்வது தவறாகாது. அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் ஆண்களுக்கான என்பிஏ அமைப்போடும் விளம்பர நிறுவனங்களோடும் சேர்ந்து சுமார் 30 லட்சம் டாலர் செலவில் ஒரு திட்டம் வகுத்தது. 1995 மே மாதம் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தேர்வு நடந்தது. தெரிவானவர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் 50,000 டாலர். அயல்நாட்டில் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கக்கூடிய முன்னணி வீராங்கனைகள் சிலர் அதை விட்டுக்கொடுத்து வந்தார்கள்.

சிட்னியில் தோற்ற அணியின் பயிற்சியாளர் தாரா வான்டர்வீரிடமே பொறுப்பு தரப்பட்டது. தோற்றவரை மாற்றுவதுதான் விளையாட்டு உலகின் வாடிக்கை. இங்கே பாடம் கற்றவரையே வைத்துக்கொண்டார்கள். அவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்தார். எடைப் பயிற்சியும் ஓட்டமும் கடுமையாயின. கல்லூரி அணிகளோடும், சீனா, ரஷ்யா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளிலும் ஆடி, ஒரு லட்சம் மைலுக்கு மேல் பயணம் செய்து, ஆடிய 52 ஆட்டங்களிலும் அணி வென்றது. ஒலிம்பிக் இறுதியாட்டம் நடக்கவிருந்த ஜார்ஜியா டோமுக்கும் வான்டர்வீர் அவர்களை முன்கூட்டியே அழைத்துப் போனார். முந்தைய ஒலிம்பிக்குகளில் அணியின் மூத்த வீராங்கனை தெரசா எட்வர்ட்ஸ் வென்ற தங்கப் பதக்கத்தை ஒவ்வொருவரும் கழுத்தில் அணிந்து பார்த்தார்கள்.

1996 ஆகஸ்டு 4 அன்று இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே பிரேசில். விளையாட்டிலிருந்து விலகி, அந்த ஆண்டுத் தொடக்கத்தில் குழந்தை பெற்றிருந்த ஹோர்டென்சியாவும் திரும்ப வந்திருந்தார். 32,000-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன்னிலையில் அமெரிக்கா 111–87 என வென்றது. லிசா லெஸ்லி மட்டும் 29 புள்ளிகள் எடுத்தார். ஒலிம்பிக்கின் எட்டு ஆட்டங்களையும் சேர்த்து அந்த அணியின் கணக்கு 60 வெற்றி, தோல்வி பூஜ்யம்.

அந்த ஓராண்டுச் சுற்றுப்பயணம் இன்னொன்றையும் காட்டியது: பெண்கள் ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க ஆள் உண்டு. 1996 இலையுதிர் காலத்தில் ஏபிஎல் என்ற மகளிர் லீகும், 1997 ஜூனில் என்பிஏவின் ஆதரவோடு எட்டு அணிகள் கொண்ட டபிள்யூஎன்பிஏவும் தொடங்கின. முன்னது 1998 டிசம்பரில் மூடப்பட்டது, பின்னது நிலைத்தது.

லீக் வந்ததால் பழைய சிக்கல் முழுவதும் தீரவில்லை. டபிள்யூஎன்பிஏ கோடைக்காலத்தில் நடந்ததால் குளிர்காலத்தில் பலர் ஐரோப்பாவுக்கே போனார்கள். தேசிய அணியாகக் கூடும் நாட்கள் மறுபடியும் சுருங்கின. 2006-இல் லீக் பருவம் முடிந்த கையோடு சாவ் பாவ்லோ உலகப் போட்டிக்குப் போன அணி, அரையிறுதியில் ரஷ்யாவிடம் 75–68 எனத் தோற்றது. பிறகு 2010 முதல் 2022 வரை நடந்த நான்கு உலகப் போட்டிகளையும் அமெரிக்கா வென்றது. ஒலிம்பிக்கில் பார்சிலோனா அரையிறுதிக்குப் பின் 2024 பாரிஸ் வரை 61 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருக்கிறது; அவற்றில் கடைசியான பிரான்சுக்கு எதிரான இறுதியாட்டத்தில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி, 67–66.