ஒரு புள்ளியின் வரலாறு

எழுத்து எதன்மேல் எழுதப்படுகிறதோ, அப்பொருளே அதன் வடிவையும் ஓரளவு முடிவு செய்கிறது. இவ்வுண்மையைத் தமிழ் மாணவர்க்கு உணர்த்த ஓலைச்சுவடி ஒன்றே போதும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் கூறும் இலக்கணம்; எகர ஒகரக் குறில்களும் அக்காலத்தில் புள்ளி பெற்றன. ஆயினும் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடெழுதுவோர் அதனை விட்டுவிட்டனர் என்பர். மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டியதாயிற்று. வீரமாமுனிவர் (1680–1747) எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்தினார். அச்சுக்கலை வளர வளர, மெய்யெழுத்தின் புள்ளியும் உலோக எழுத்தில் நிலைபெற்றது.

இவ்வாறு மீண்டு வந்த புள்ளி நம் காலத்தில் மீண்டும் ஓர் இடரைச் சந்தித்துள்ளது. இம்முறை இடர் ஓலையால் வந்ததன்று. கணினியின் படக்கோப்பால் வந்தது.

சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட் மாவட்டத்தில் உள்ள செமினி, ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் 2005ஆம் ஆண்டில் இங்கு வந்தது. தோட்டங்கள் மறைந்தபோது மக்கள் பல திசைகளுக்குப் பிரிந்தனர். அவர்தம் வாழ்வுக்குச் சான்றாக எஞ்சியவை பள்ளி ஆண்டு மலர்களும், கோயில் திருவிழா அழைப்பிதழ்களும், சில நிழற்படங்களுமே.

அத்தகைய பழைய மலர் ஒன்றின் பக்கம் சில ஆண்டுகளுக்கு முன் என் கைப்பேசிக்கு வந்தது. யாரோ படம் பிடித்துச் சுருக்கி அனுப்ப, அது பல கை மாறி என்னிடம் சேர்ந்திருந்தது. சிற்றெழுத்துகளில் ‘மலர்’ என்பது ‘மலர’ என்றும், ‘வளர்’ என்பது ‘வளர’ என்றும் நின்றன. இவற்றை ஊகித்துப் படித்துவிடலாம். ஆனால் மாணவர் பட்டியலில் இரு பெயர்களைப் படிக்கவே இயலவில்லை. மூலப் பிரதி எங்கே என்று வினவினேன். வீடு மாறியபோது அது தொலைந்தது என்றனர். சொல்லை ஊகிக்கலாம், பெயரை ஊகித்தல் தகுமா?

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியச் சிறிது கணக்குப் பார்த்தல் வேண்டும். ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 துணுக்குகள் என்ற நுட்பத்தில் வருடினால், 2480 வரிசைக்கு 3508 என்ற கணக்கில், ஏறத்தாழ 87 இலட்சம் பிக்சல்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் வண்ணத்தையும் குறிக்க மூன்று பைட் தேவை. ஆகவே ஒரு பக்கத்துக்கு 2 கோடியே 61 இலட்சம் பைட் இடம் வேண்டும். 1990ஆம் ஆண்டுகளில் நாம் பயன்படுத்திய 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் இதனைச் சேர்க்க 18 வட்டுகள் வேண்டியிருந்தன! சுருக்கம் அன்று விருப்பமன்று, கட்டாயம்.

அச்சுருக்கத்துக்கு வழி கண்டவருள் முதன்மையானவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அவர் 1972ஆம் ஆண்டில் தம் ஆய்வுக்கு அமெரிக்க அறிவியல் அமைப்பொன்றிடம் நிதி வேண்டினார். கருத்து மிக எளிது என்று கூறி மறுத்தனர். அவர் தளரவில்லை. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974ஆம் ஆண்டில் தனித்த கொசைன் உருமாற்றம் என்னும் முறையை வெளியிட்டார். ராவ் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். அம்முறையை அடிப்படையாகக் கொண்டே 1992ஆம் ஆண்டில் ஜேபெக் தரம் உருவாயிற்று. இன்று உலகில் எடுக்கப்படும் நிழற்படங்களில் மிகப் பல இவ்வடிவிலேயே சேமிக்கப்படுகின்றன.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் பல அலைகளின் கலவையாகக் கணிக்கிறது. பரந்த அலைகளைப் பேணி, நுண்ணிய அலைகளைத் தோராயமாக்குகிறது அல்லது நீக்குகிறது. முகத்திலும் வானத்திலும் இவ்விழப்பை நம் கண் அறியாது. எழுத்தின் நிலை வேறு. வெண்தாளில் கருமையாக நிற்கும் மெல்லிய கோடும் சிறு புள்ளியும் அந்நுண்ணிய அலைகளாலேயே அமைகின்றன. உயர்ந்த தரத்தில் சேமித்தால் புள்ளி தப்பும். படத்தைச் சிறிதாக்கி, தரத்தைக் குறைத்து, மீண்டும் மீண்டும் சேமித்தால் அது முதலில் மங்கும். பின்னர் தாளோடு கலந்துவிடும்.

மங்கிய எழுத்தையேனும் ஐயத்தோடு படிப்போம். ஐயத்துக்கே இடமின்றிப் பிழை நேர்ந்ததும் உண்டு. 2013ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிகள் கட்டட வரைபடத்தின் எண்களை மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். 21.11, 17.42 எனப் பரப்பளவு குறிக்கப்பட்ட அறைகள், படியில் 14.13 எனத் தெளிவாக அச்சாகியிருந்தன. ஜேபிக்2 என்னும் சுருக்க முறை, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களுக்கு ஒரே வடிவத்தைப் பயன்படுத்தி இடத்தை மிச்சப்படுத்தியதே காரணம். ‘கொ’, ‘கோ’ ஆகியவை ஒரு சுழியாலேயே வேறுபடும் நம் மொழியில் இம்முறை என்ன செய்யக்கூடும் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம். வீரமாமுனிவர் பிரித்து வைத்ததை ஓர் இயந்திரம் ஓசையின்றி ஒன்றாக்கிவிடும்.

இழப்பில்லாத வழியும் உடன் வளர்ந்தே வந்தது. 1986ஆம் ஆண்டில் ஆல்டஸ் நிறுவனம் டிஃப் வடிவை வெளியிட்டது. கிஃப் வடிவின் சுருக்க முறைக்கு உரிமத் தொகை கேட்கப்பட்டபோது, ஆர்வலர் பலர் கூடி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க பிஎன்ஜி வடிவை 1996ஆம் ஆண்டில் உருவாக்கினர். இதில் ஒரு பிக்சலும் மாறாது. சுருக்கியதை விரித்தால் முன்பிருந்தது அப்படியே கிடைக்கும்.

படத்தொகுப்பு மென்பொருள்களும் இவ்வாறே முன்னேறின. 1990ஆம் ஆண்டில் ஃபோட்டோஷாப் வந்தது. 1994ஆம் ஆண்டில் அதில் அடுக்குகள் சேர்ந்தன. மூலப் படத்தைத் தொடாமல் அதன்மேல் வேறோர் அடுக்கில் திருத்தம் செய்யும் வாய்ப்பு அதனால் பிறந்தது. கட்டணமற்ற கிம்ப் 1996ஆம் ஆண்டில் மக்களுக்குக் கிடைத்தது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 2.10 பதிப்பு, கணினியின் பல செயற்கருக்களையும் ஒருங்கே பயன்படுத்தி விரைவு பெற்றது. ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலை என்ற பழைய எல்லையையும் கடந்தது. மஞ்சள் படிந்த தாளிலிருந்து மங்கிய மையை மீட்பவர்க்கு இவ்வெல்லை கடந்தது பெரும் உதவி. 2025ஆம் ஆண்டில் வந்த 3.0 பதிப்பில், செய்த வடிகட்டல்களைப் பின்னர் மாற்றவும் நீக்கவும் இயல்கிறது.

ஆகவே அன்றைய கட்டாயம் இன்று இல்லை. ஒரு டெராபைட் வட்டில் சுருக்கமே செய்யாமல் 38,000 பக்கங்களுக்கு மேல் சேமிக்கலாம். ஒரு தோட்டப் பள்ளியின் மலர்கள் அனைத்தும் அதன் ஒரு மூலையில் அடங்கும். கருவி விரைவு பெற்றுவிட்டது. கோப்பு வடிவம் செம்மை பெற்றுவிட்டது. நம் பழக்கம் மட்டுமே நெகிழ்வட்டுக் காலத்தில் நின்றுவிட்டது.

செய்ய வேண்டியவை மூன்றே. முதற்படியை இழப்பில்லா வடிவில் சேமித்தல். அதனைத் திருத்தாமல் காத்து, பிறர்க்கு அனுப்பவும் வெளியிடவும் வேறு படி எடுத்தல். இவ்விரண்டும் செய்தபின்னும் தாளைத் தூக்கி எறியாதிருத்தல். தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டே இப்பணியைச் செய்விக்கலாம். தாத்தா பாட்டி வீட்டுப் பெட்டியில் உறங்கும் ஒரு மலரை ஒவ்வொரு மாணவரும் கொணர்ந்தால், ஒரு வட்டாரத்தின் வரலாறு ஒரு பள்ளியிலேயே கூடிவிடும்.

ஏடெழுதியவர் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டார். அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. நாம் விட்டால் கூறுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ரப்பர்த் தோட்டத்துச் சிறுவர் இருவரின் பெயர்கள் அப்பக்கத்தில் இன்னும் படிக்கப்படாமலே இருக்கின்றன.