ரெட்டிச் முதல் திருவொற்றியூர் வரை: ஒரு பழைய புல்லட் வண்டி சொல்லும் வரலாறு

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலச் சமணர் குகை, கற்படுக்கை, கல்வெட்டு என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறையும் எழுத்துப் பொறிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அது கல்லில் இல்லை, அலுமினியத்தில் இருக்கிறது. கரோல் பாக்கில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்று வருஷமாகப் பிரித்தும் சேர்த்தும் வருகிற ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டியின் எஞ்சினில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, ஜி2 என்று தொடங்கிச் சில இலக்கங்கள் குத்தப்பட்டிருக்கின்றன. நாற்பது வருஷம் பாத்திர வியாபாரம் பார்த்தவனுக்கு முத்திரையைப் பார்த்தால் யார் குத்தியது என்று கேட்காமல் இருக்க முடியாது.

குத்தியவர்கள் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊர்க்காரர்கள். மோட்டார் சைக்கிளுக்கு வெகுகாலம் முன்பே தையல் ஊசிக்குப் பேர்போன ஊர் அது. ராயல் என்ஃபீல்டின் மூதாதையும் ஓர் ஊசிப் பட்டறைதான்: டவுன்சென்ட் என்பவருடைய தொழிலகம் ஊசியிலிருந்து சைக்கிளுக்கு மாறியது. 1890களில் கைமாறி, என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தது. அங்கிருந்துதான் அந்தப் பெயரும், பெட்ரோல் டேங்கில் பீரங்கிப் படமும், துப்பாக்கியைப் போலச் செய்தது என்ற விளம்பர வாசகமும் வந்தன. 1901ல் முதல் மோட்டார் சைக்கிள். புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்திலேயே இருந்தாலும், நாம் இன்று புல்லட் என்று சொல்லும் உருவம் 1948-49ல் வந்தது. 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் அடி கொண்ட ஒரே சிலிண்டர், 346 சி.சி. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்து ஆடும் கை கொடுத்தது அந்த நாளில் புதுமை. பலரும் ஏளனம் செய்தார்களாம். மேடுபள்ளச் சோதனை ஓட்டங்களில் அது ஜெயித்த பிறகு ஏளனம் நின்றது.

மேடுபள்ளத்துக்குக் குறைவில்லாத நாடு நம்முடையது. சென்னையில் கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ், நார்ட்டன், மேட்ச்லெஸ் முதலிய ஆங்கில வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம், 1950களின் முற்பகுதியில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. ராணுவ ஆர்டர் சின்ன ஆர்டர் இல்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியில், எல்லாவற்றையும் கப்பலில் கொண்டுவருவதை அரசு விரும்பவும் இல்லை. 1955ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு வார்ப்படமும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் வண்டி முழுக்க இங்கேயே தயார் ஆனது.

இங்கே வளர, அங்கே தேய்ந்தது. ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது. மிச்சம் இருந்த தயாரிப்பு பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவானில் நிலத்தடிப் பட்டறை ஒன்றில் நடந்து 1970ல் அதுவும் நின்றது. 1977ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! மகள் பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோனது மாதிரி.

இனி என் வண்டிக்கு வருகிறேன். மீரட் பக்கம் ஒரு பெரியவர் வீட்டுத் தொழுவத்தில், வைக்கோலுக்கும் பழைய டிராக்டர் டயருக்கும் நடுவே கிடந்தது. அவர் தகப்பனார் ராணுவ ஏலத்தில் எடுத்தது. எலி கூடு கட்டியிருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி அசையவில்லை. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து மேலே ஊற்றிப் பதினைந்து நாள் ஊறவிட்டேன். சுத்தியலை எடுக்காமல் காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதிப் பாடம்.

அடுத்த பாடம் மரை. இங்கிலாந்துப் பழைய வண்டிகளுக்கு நம் மில்லிமீட்டர் ஸ்பேனர் சேராது. 1841ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை ஒன்று, அதன் கோணம் 55 டிகிரி. சைக்கிள் தொழிலுக்கென்று 60 டிகிரியில் இன்னொன்று. விட்வொர்த் ஸ்பேனரில் அரை அங்குலம் என்று போட்டிருந்தால் அது நட்டின் அகலம் இல்லை, உள்ளே போகும் போல்ட்டின் பருமன். இது தெரியாமல் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி, எத்தனையோ நட்டுகளின் மூலைகளை வட்டமாக்கி வைத்திருந்தார்கள் முந்தைய மிஸ்திரிகள். பழைய மார்க்கெட்டில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஸ்பேனர் சேர்த்த பிறகே வேலை தொடங்கியது.

எஞ்சினைப் பிரித்ததும் முதல் தகராறு வந்தது. மிஸ்திரி, "கிராங்க் கேஸை மணல் பீய்ச்சி அடிச்சுக் கொடுக்கிறேன், வெள்ளி மாதிரி ஆயிடும்" என்றார். நான் முடியாது என்றேன். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணல் பீய்ச்சி, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கதை நமக்குத் தெரியாததா? செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு மேலாகப் பாறையில் நிற்கிறது. யாரும் அதைப் 'பளபள'ப்பாக்க நினைக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். எஞ்சின் எண் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. அது போனால் வண்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் போச்சு. மண்ணெண்ணெயும் பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்து நானே கழுவினேன். காரச் சோடா பக்கமே போகவில்லை. அலுமினியப் பாத்திரம் சோடாவில் கறுக்கும் என்பது என் கடைப் பையனுக்கும் தெரியும்.

எண் தெளிந்ததும் இங்கிலாந்துக்கு எழுதினோம். ரெட்டிச் ஆலையிலிருந்து எந்த வண்டி எப்போது எங்கே அனுப்பப்பட்டது என்ற பேரேடுகள் அழியாமல் அங்குள்ள ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் சங்கத்தாரிடம் இருக்கின்றன. ஒரு வியாபாரியாக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஆலை போனாலும் கணக்குப் புத்தகம் நிலைத்தது. பதில் வந்தது. 1953, மதராஸுக்கு.

ஆனால் வண்டியைப் பார்த்தால் 1953 என்று சொல்ல முடியாது. ஹெட்லைட்டையும் மீட்டரையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, இருபுறமும் புலிக்கண் மாதிரி இரண்டு சின்ன விளக்கு வைக்கும் அமைப்பு 1954 மாடலில்தான் வந்தது. என் வண்டியில் அது இருக்கிறது. ஆக, முன்பக்க ஃபோர்க் முழுவதும் பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது. மீட்டரில் மைல் இல்லை, கிலோமீட்டர் இருக்கிறது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956ல்தான் வந்தது, ஆகவே அதுவும் பிற்சேர்க்கை. இப்படி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். மேக்னெட்டோ லூக்காஸ், இங்கிலாந்து. ஆனால் ரெகுலேட்டரில் லூக்காஸ்-டிவிஎஸ் என்று இருந்தது. 1961ல் உருவான அந்தக் கம்பெனியின் ஆலை பாடியில். பிஸ்டன், 1949ல் செம்பியத்தில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் செய்தது. செயின், 1960ல் அம்பத்தூர்ப் பக்கம் வந்த டிஐ டயமண்ட். வெடித்துப்போன டயர் எம்ஆர்எஃப். 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியவர்கள், 1960களில் டயருக்கு வந்தார்கள். புல்லட் ஆலைக்கு ஊர்க்காரர்கள்!

ஆக, தொழுவத்தில் கிடந்தது ஓர் இங்கிலாந்து வண்டி இல்லை. வடசென்னையின் வரைபடம்.

இங்கேதான் வீட்டில் இரண்டாவது தகராறு. என் மகன் படித்தவன், விவரமானவன். "அப்பா, இதெல்லாம் டூப்ளிகேட். கழட்டிப் போட்டுட்டு இங்கிலாந்துலேருந்து ஒரிஜினல் பாகம் வரவழைச்சிடலாம். அப்பதான் மதிப்பு" என்றான். சந்தை மதிப்பை வைத்துப் பார்த்தால் அவன் சொல்வது சரி. ரெட்டிச்சிலிருந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவதுதான் மறுசீரமைப்பு என்று பல அன்பர்களும் நினைக்கிறார்கள். நான் அவனிடம் கேட்டது இது: அப்படிச் செய்தால் 1953லிருந்து இன்றுவரை இந்த வண்டியை ஓடவைத்தவர்கள் எங்கே போனார்கள்? இறக்குமதி நின்றுபோன காலத்தில் இங்கிலாந்துப் பிஸ்டனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க ராணுவத்துக்கும் நேரமில்லை, மீரட் விவசாயிக்கும் வழியில்லை. செம்பியத்துத் தொழிலாளி கடைந்த பிஸ்டன்தான் வண்டியை நகர்த்தியது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் வண்டி வைத்திருப்பவர்களே பல உதிரிபாகங்களை இந்தியாவிலிருந்து வாங்கித்தான் பூட்டுகிறார்கள். அவன் 'ஒரிஜினல்' என்று வரவழைப்பது பாதி நம் ஊரில் செய்து கப்பல் ஏறிப் போனதாகவே இருக்கக்கூடும்.

இதை வெறும் தமிழ்ப் பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மவர் செய்தது எல்லாம் உயர்வு என்று நான் சொல்லவில்லை. என் வண்டியில் இருந்த உள்ளூர் வால்வு கைடு ஒன்று படுமோசம். யார் செய்தது என்று முத்திரைகூட இல்லை, தூக்கிப் போட்டேன். தேய்ந்த பிஸ்டனும் ஓட்டத்துக்கு உதவாது. அதைச் சுத்தம் செய்து அலமாரியில் வைத்துவிட்டு, புதிது போட்டேன். பிரேக் விஷயத்தில் பழைமை பார்ப்பது மடமை. பழைய பிரேக் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. வாயால் ஊதாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அப்புறப்படுத்திவிட்டுப் புதிது ஒட்டினோம். ஆனால் ஃபோர்க், விளக்குக் கூடு, ரெகுலேட்டர், செயின் மூடி எல்லாம் அப்படியே இருக்கின்றன.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்டதாகவும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூலவடிவில் காக்கப்பட்டதாகவும் இருந்தால், வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் தெருவில் இறங்கலாம். என் வயதில் அதுவே போதும். மூலவடிவம் என்ற சொல்தான் என்னை யோசிக்க வைக்கிறது. சேசிஸும் எஞ்சினும் பேரேட்டில் உள்ள அதே எண்கள். முன்பக்கம் திருவொற்றியூர். விண்ணப்பத்தோடு இணைக்க, எந்தப் பாகம் எங்கே எப்போது செய்தது என்று நான்கு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். அதிகாரி படிக்கிறாரோ இல்லையோ, வண்டியோடு அது இருக்கும்.

பெயின்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேலே கறுப்பு, அதன் கீழே மெரூன், அதன் கீழே ராணுவப் பச்சை. மகன் கறுப்பும் தங்கக் கோடும் கேட்டான். மிஸ்திரி எதுவானாலும் சரி, சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். பச்சை என்று முடிவாயிற்று. டேங்கில் மட்டும், சீட்டுக்கு அடியில் மறைகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மூன்று பூச்சும் படிப்படியாகத் தெரியும்படி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விட்டுவைத்திருக்கிறேன்.

மேக்னெட்டோவின் உள்சுற்றுக் கம்பி அரக்கு உருகி வீணாகியிருந்தது. மறுசுற்றுக்குக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்கிறார்கள். அது வந்தால் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கலாம். கிக்கர் உதைப்பது மகன் பொறுப்பு. என் முழங்காலுக்கு அந்த வேலை ஆகாது.